சுமையும் துணையும் ஒரே கூட்டுத்தொகையா?

தங்கச்சி, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான உங்கள் ஆய்வு வினாத்தாளில் படிப்புச் சுமைக்கு 10, கிடைக்கும் துணைக்கு 10 என்று 20 கேள்விகளையும் கூட்டி ஒரே புள்ளி எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கேதான் பிழை. 2001இல் டெமெரூட்டி, பேக்கர் முதலான உளவியல் ஆய்வாளர்கள் வேலைத்தலங்களுக்காக முன்வைத்த மாதிரியில் இரண்டும் தனித்தனி: சுமை ஆளைக் களைக்க வைக்கும், துணை ஊக்கம் தரும். ஒரே பிள்ளைக்கு இரண்டுமே கூடுதலாக இருக்கலாம்.

அப்புறம், துணை பற்றிய கேள்வியில் 'எனக்குப் போதிய ஆதரவு கிடைக்கிறது' என்றால் யார் தருவது? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பக்கத்தில், அறை எடுத்திருக்கிற பிள்ளை சீனியரின் பழைய கொப்பியை நினைப்பாள். வீட்டிலிருந்து வருகிறவள் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை. விரிவுரையாளர், நண்பர், வீடு என்று பிரித்துக் கேளுங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்ணான குரோன்பாக் அல்பாவையும் சுமைக்கு வேறு, துணைக்கு வேறு என்று கணக்கிடுங்கள். கிளிநொச்சி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களிடம் தாளை நீட்டாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள 3ஐச் சுற்றி வட்டம் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.