ஒளிக்கு ஏற்பச் செடி வளர்வதைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

செடி வளரும் விதிகளைக் கணக்காக எழுதி, கணினிக்குள் ஒரு செடியை நாள்தோறும் வளர்த்துப் பார்ப்பதுதான் இது.

முழுச் செடியையும் யாரும் வரைந்து வைப்பதில்லை. ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு சிறு விதி மட்டும் உண்டு: ஒளி போதுமானால் கிளை விடு, போதாவிட்டால் உறங்கு. இப்படிச் சிறு விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் முறையை உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்தார். ஒளி அதில் பின்னாளில் சேர்ந்தது.

கணினி ஏன் தேவை? புதிதாக விரியும் ஒவ்வோர் இலையும் கீழே நிழல் விழச் செய்கிறது. அந்த நிழல் அடுத்த கிளையின் போக்கை மாற்றுகிறது, அது மீண்டும் நிழலை மாற்றுகிறது. தேர் பார்க்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒருவர் எக்கினால் பின்னால் நிற்பவர் விலகுவார், அவருக்குப் பின்னால் இருப்பவரும் நகர்வார். ஆயிரம் இலைகளுக்கு இதைக் கையால் கணக்கிட முடியாது. எளிய விதிகளிலிருந்து உண்மையான மரத்தின் சாயல் எழுவதுதான் இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது.

வெளிச்சம் படும் பக்கம் வேகமாக வளர்வதால் தண்டு வளைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் நிழல் பக்கத்தில் மிகுந்து, அங்குள்ள செல்கள் கூடுதலாக நீள்வதால்தான் தண்டு ஒளியை நோக்கிச் சாய்கிறது.