சொலிசிட்டர் தேர்வை மீண்டும் எழுதும் மகளைப் பற்றி ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞராவதற்கான எஸ்.கியூ.இ. தேர்வில் உங்கள் மகளின் முதல் நிலை முடிவையும், அதோடு நீங்கள் எழுதிய கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். சென்னையில் ஐந்து ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர், கல்லூரியிலேயே ஆங்கிலேய வழக்குகளைப் படித்தவர், 500-க்கு 300 என்ற தேர்ச்சி வரம்பை இரண்டு தாள்களிலும் தொடாமல் போனது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இன்னொரு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம்.

அவருடைய பாடவாரி விவரத்தைப் பாருங்கள். வாடிக்கையாளரின் பணத்தைச் சொலிசிட்டர் எப்படிக் கணக்கு வைக்க வேண்டும் என்ற விதிகளை அவர் இந்தியாவில் படித்ததே இல்லை. அதில் நன்றாகவே செய்திருக்கிறார். மதிப்பெண் போனது ஒப்பந்தச் சட்டத்திலும், நிலச் சட்டத்திலும், குற்றவியல் நடைமுறையிலும்தான். தெரியாத பாடத்தைப் பயந்து படித்தார். தெரிந்த பாடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். இந்தியாவில் பயின்று வரும் வழக்கறிஞர்கள் பலரிடம் இதையே காண்கிறேன். நம் சட்டங்கள் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து கிளைத்தவை என்பதால் சொற்கள் ஒன்றாக இருக்கின்றன. விடைகள் பல இடங்களில் வேறாகிவிட்டன. ஆகவே அவர் திரும்பப் படிக்கும்போது, இரண்டு சட்டங்களும் எங்கே பிரிகின்றன என்பதையே தேடிப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது, என்ற கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வாக்குறுதி பெற்றவரோ வேறு எவருமோ மறுபயனைத் தரலாம். தாய் மகளுக்குச் சொத்தை எழுதிவைத்து, தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தரும்படி சொன்ன சின்னய்யா எதிர் இராமய்யா வழக்கில், மகள் தர மறுத்தபோது, தாய் தந்த சொத்தே போதிய மறுபயன் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை உங்கள் மகள் தூக்கத்திலும் சொல்வார். இங்கிலாந்திலோ, வாக்குறுதி பெற்றவரே மறுபயனைத் தந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் நபருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு அங்கே 1999-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் வழியாகவே பெரும்பாலும் விடை காண வேண்டும். கடனில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறேன் என்று சொன்னால், நம் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அது செல்லும். ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கில் 1884-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னபடி, அங்கே அது மட்டும் கடனைத் தீர்க்காது.

நிலச் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேதான் அவருக்கு அதிகம் போயிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கிரைய ஒப்பந்தம் போட்டதனால் மட்டும் வாங்குபவருக்குச் சொத்தில் உரிமை பிறக்காது என்று நம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்கிறது. இங்கிலாந்தில், எழுத்தில் அமைந்து இரு தரப்பும் கையொப்பமிட்ட விற்பனை ஒப்பந்தம் உருவானவுடனே, வாங்குபவருக்கு ஈக்விட்டி எனப்படும் நியாய நெறிப்படி நிலத்தில் ஓர் உரிமை பிறந்துவிடுகிறது. சட்ட உரிமை ஒருவரிடமும் பயனுரிமை மற்றொருவரிடமும் இருக்கலாம் என்ற இந்த இரட்டை நிலை மனத்தில் பதியாமல், அங்கே நிலத்தைப் பற்றி ஒரு வினாவுக்கும் உறுதியாக விடை எழுத முடியாது.

அவர் தவறவிட்டதாகச் சொன்ன வினா வகையையே காட்டுகிறேன். வீடு கணவர் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. வாங்கும்போது மனைவியும் பணம் போட்டு, அங்கேயே குடியிருக்கிறார். பிற்பாடு கணவர், மனைவியிடம் சொல்லாமல் வங்கியில் அடமானம் வைக்கிறார். வங்கி மனைவியிடம் எதுவும் விசாரிக்கவில்லை, அவர் குடியிருப்பது பார்த்தாலே தெரியும் என்றால், மனைவியின் உரிமை வங்கியைக் கட்டுப்படுத்தும். 1980-இல் போலண்ட் வழக்கில் முடிவானது இதுவே. இப்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள்: வீடு கணவர், அவருடைய அண்ணன் என்று இருவர் பெயரில் இருக்கிறது, இருவருமே அடமானத்தில் கையொப்பமிட்டு வங்கிப் பணத்தை வாங்கினார்கள். 1987-இல் ஃபிளெக் வழக்கில் சொன்னபடி, இரண்டு டிரஸ்டிகளிடம் (பிறர் பயனுக்காகச் சட்ட உரிமையை வைத்திருப்பவர்களிடம்) பணம் சேர்ந்துவிட்டதால் மனைவியின் பயனுரிமை நிலத்தை விட்டு அந்தப் பணத்துக்கு மாறிவிடுகிறது. அவர் அங்கேயே குடியிருந்தாலும் வங்கியைத் தடுக்க முடியாது. தேர்வில் வினாவோடு தரப்படும் ஐந்து விடைகளில் இரண்டு சரிபோலத் தோன்றும். பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதைக் கவனித்தவர் மட்டுமே சரியானதைத் தொடுவார். வழக்கின் பெயரைப் பெரும்பாலும் தேர்வில் கேட்பதில்லை. விதி அந்த நிகழ்ச்சிக்குப் பொருந்துகிறதா என்பதையே கேட்கிறார்கள்.

இன்னும் இரண்டு வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க நம் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே அது ஏற்கத்தக்க சாட்சியம். 1984-ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் 76, 78 பிரிவுகளின்படி அதை விலக்கக் கோர வேண்டும். உயிலில், திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் அங்கே பொதுவாக ரத்தாகிவிடும். இந்துக்களின் உயிலுக்கு இங்கே அப்படி இல்லை.

இனி படிக்கும் முறை. ஒவ்வொரு தாளிலும் 180 வினாக்கள், 90 வினாக்களாக இரண்டு அமர்வுகள், ஓர் அமர்வுக்கு 153 நிமிடம். அதாவது ஒரு வினாவுக்கு 102 வினாடி. குறிப்பேட்டை மறுபடி மறுபடி வாசிப்பது இந்த வேகத்துக்கு உதவாது. வாரம் ஒரு முறை 90 வினாக்களை ஒரே அமர்வில் எழுதட்டும். தவறும் ஒவ்வொரு வினாவுக்கும், எந்த விவரத்தைக் கவனிக்காமல் விட்டேன், அல்லது என்னை அறியாமல் எந்த இந்திய விதியை ஆங்கிலேயச் சட்டத்துக்குள் கொண்டுவந்தேன் என்று ஒரு வரி எழுதிவைக்கட்டும். அந்த வரிகளே அவருக்கான பாடநூல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் ஒரு வினாவையும் வெறுமையாக விடக் கூடாது.

வாய்ப்பு முடிந்துவிட்டதோ என்ற உங்கள் பயத்துக்குக் காரணமில்லை. முதல் முறை எழுதியதிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று முறை எழுதலாம். அவர் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு தாளில் தேறிவிட்டால் மற்றதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். அயல்நாட்டில் ஏற்கெனவே தகுதி பெற்ற வழக்கறிஞர் என்பதால், மற்றவர்களுக்குள்ள இரண்டு ஆண்டுப் பணியனுபவ நிபந்தனையும் அவருக்கு இல்லை.

உங்களால் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நீங்கள் கையாண்ட பழைய பத்திரம் ஒன்றை நினைவிலிருந்து விவரித்து, "இது இங்கிலாந்தில் நடந்திருந்தால் யாருக்கு உரிமை, அம்மா?" என்று கேளுங்கள். அவர் உங்களுக்குப் புரியும் தமிழில் விளக்க முடிந்தால் அந்த விதி அவர் வசமாகிவிட்டது. அடுத்த இரண்டு வாரங்களில் அவர் எழுதும் முதல் 90 வினாக்களின் பிழை வரிகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பு தேவையா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்