நாய்க்கு இதய டெஸ்ட்: தோட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. எங்கள் பத்து வயது நாய் ராத்திரியில் இருமுகிறது. முந்தாநாள் படியேறும்போது மயங்கி விழுந்து எழுந்தது. ராமநாதபுரத்தில் மருத்துவர், இதயப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு 2,500 ரூபாய் என்றார். கால் மணி நேரத்தில் முடிவு தெரியுமாம். இதயக் கோளாறு என்றால் மாத்திரைக்கு மாதம் 1,500 ஆகுமாம். கையில் 4,000 இருக்கிறது. அஞ்சலகத்தில் மாதம் 1,000 வீதம் 26 மாதமாக ஆர்.டி. கட்டுகிறேன். தோட்டை வைத்து இரண்டு வட்டிக்கு 5,000 வாங்கலாமா? பூனைக்கும் சேர்த்து டெஸ்ட் எடுத்துவிடலாமா?

பதில்: தோடு காதிலேயே இருக்கட்டும். மயங்கி விழுந்த நாயை வைத்துக்கொண்டு கடன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கும் 4,000த்தோடு கிளம்புங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

உங்களைக் கடிக்கப்போவது 2,500 அல்ல, அந்த 1,500. வருடத்துக்கு 18,000; ஆர்.டி.க்குக் கட்டுவதைவிட அதிகம். அந்த மாத்திரை தேவையா என்று டெஸ்ட் சொன்னால்தான் அதற்குக் கொடுத்த காசு செல்லும். அதனால் முதலில் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம். சேதம் இருக்கிறது என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. புரோ-பிஎன்பி என்பது இதய அறைகள் அழுத்தம் தாங்காமல் விரியும்போது ரத்தத்தில் கூடும் இன்னொரு பொருள். இருமல் இதயத்தால் வருகிறதா, நுரையீரலாலா என்று பிரித்துப் பார்க்க இதுதான் அதிகம் உதவும்.

பணம் மிஞ்சும் இடம் ஒன்று உண்டு. நாய்க்கு உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலிலும் ட்ரோபோனின் ஏறலாம். அதற்கான மாத்திரை பெரும்பாலும் ஒரு மாதத்தோடு முடிந்துவிடும். ஆகவே அளவு கூடியிருந்தால், மாதா மாதம் 1,500க்குத் தலையாட்டும் முன், உண்ணிக் காய்ச்சலையும் பார்த்துவிடலாமா, எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். மதுரைக்கு இதய ஸ்கேனுக்கு வண்டி பிடிப்பது அதற்கு அப்புறம்தான்.

காசில்லாத சோதனை ஒன்றை இன்றிரவே செய்யலாம். நாய் அயர்ந்து தூங்கும்போது செல்போன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவருக்கு உடனே போன் போடுங்கள். தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள்; மருத்துவருக்கு அது பெரிய உதவி.

சரி, கடன். மூன்று வருடம் ஆகாததால் ஆர்.டி.யை உடைக்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் 12 தவணை கட்டிய கணக்கில், இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். உங்களுக்கு ஏறக்குறைய 13,000 வரை. வட்டி, ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் கூடுதல். இப்போதைய 6.7ஐ வைத்துப் பார்த்தால் 8.7. ஐயாயிரத்துக்கு மாதம் 36 ரூபாய் சொச்சம். அடகுக்கடையில் அதே ஐயாயிரத்துக்கு 100 ரூபாய். பாஸ்புக்கோடு போய்க் கேளுங்கள், தவணை விடாமல் கட்டியிருக்க வேண்டும். தடைக்கால நிவாரணம் 8,000 வந்ததும் முதலில் இந்தக் கடனை அடைத்துவிடுங்கள். ஜூன் 14 வரை படகு கடலுக்குப் போகாது என்பதால், மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மாதத்துக்கான 3,000த்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பிரீமியத்துக்கு வருமான வரிச்சலுகையும் கிடையாது.

பூனைக்கு வேண்டாம். மீன் கூடையில் தலையை விட்டு, விரட்டினால் மதிலேறும் பூனைக்கு எதற்கு 2,500? ஆனால் பூனைகள் இதய நோயை நன்றாக மறைக்கும். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டாலோ கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.