இரவெல்லாம் ஓடும் ஹாம்ஸ்டர்: விளக்கை எரியவிட்டால் பகல் பிராணி ஆகிவிடுமா?

கேள்வி: மகளின் அறையில் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் வளர்க்கிறோம். இரவு முழுக்கச் சக்கரத்தில் ஓடி அவளைத் தூங்கவிடாமல் செய்தது. “ராத்திரியும் விளக்கை எரியவிடுங்கள், தானாகப் பகலில் விழிக்கப் பழகிவிடும்” என்றார் விற்றவர். இரண்டு மாதமாக அப்படியே செய்கிறோம். இப்போது பகலில் ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை என இரண்டு தடவை ஓடுகிறது. கையை நீட்டினால் கடிக்கிறது. சிவப்பு பல்பும் தூக்கச் சொட்டு மருந்தும் வாங்கிப் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். இன்றிரவே அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஹாம்ஸ்டரின் உடற்கடிகாரம் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே பொருந்துகிறது. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இடமும் வலமுமாக இரண்டு சிறு நரம்பணுக் கொத்துகள் இருக்கின்றன. உடலின் நேரத்தை வைத்திருப்பவை அவைதான். இரண்டும் சேர்ந்து இயங்க வேண்டும். வாரக்கணக்கில் இருட்டே இல்லாத வெளிச்சத்தில் வைத்தால் சில ஹாம்ஸ்டர்களில் அவை எதிரெதிர் நேரத்துக்குப் போய்விடும். ஓட்டம் ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரியும். உடற்கடிகார ஆய்வாளர்கள் பிட்டென்ட்ரியும் டானும் 1976-லேயே இதை விவரமாக எழுதிவிட்டார்கள். அதன் பிறகும் “விளக்கை எரியவிடுங்கள்” என்ற யோசனை பிராணியோடு சேர்த்து விற்கப்படுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. நல்ல வேளையாக இது நிலைத்துவிடும் கோளாறு கிடையாது. இருட்டு திரும்பக் கிடைத்ததும் பெரும்பாலும் சில நாட்களிலேயே இரண்டு ஓட்டமும் ஒன்றாகிவிடும்.

விளக்கு போட்டதும் ஹாம்ஸ்டர் கூட்டுக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வெளிச்சம் இரவுப் பிராணியை அந்த நேரத்துக்கு அடக்கிவைக்கும், அவ்வளவுதான். உள்ளே கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்துப் பாருங்கள், சக்கரம் உடனே சுழலும்.

கடிகாரத்தை உண்மையில் நகர்த்துவது வெளிச்சம் விழும் நேரம். பிராணியின் இரவு தொடங்கும் வேளையில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும்: மறுநாள் இன்னும் தாமதமாக விழிக்கும். அதன் இரவு முடியும் வேளையில் பட்டால் முன்னுக்கு வரும்: மறுநாள் சீக்கிரம் விழிக்கும். நடுப்பகலில் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நகராது. மாலையில் விளக்கைச் சீக்கிரம் அணைத்தால் ஹாம்ஸ்டர் சீக்கிரம் விழிக்கும் என்று பலர் அதை மட்டும் செய்து சலித்துப்போகிறார்கள். முன்னுக்கு இழுப்பது முக்கியமாக விடியற்காலை வெளிச்சம். அணைக்கும் நேரத்தோடு ஏற்றும் நேரத்தையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கான வழி. ஹாம்ஸ்டரைப் பகல் பிராணியாக மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். துருக்கியின் தெற்கில் காட்டு ஹாம்ஸ்டர்கள் பகலில் வளைக்கு வெளியே வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கூண்டில் வளர்பவை இரவில்தான் இயங்குகின்றன. அந்தக் காட்டுத் தகவலை வைத்து யாராவது பயிற்சிமுறை விற்றால் நம்ப வேண்டாம். அதன் இரவை மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவர முடியும். இருட்டிய பின் முதல் சில மணி நேரத்தில்தான் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரம் மகள் விழித்திருக்கும் மாலையில் வந்துவிட்டால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்தது.

கூண்டு மகளின் அறையை விட்டு வெளியே போயாக வேண்டும். இதற்கு மாற்றுவழி இல்லை, ஏனென்றால் கடைசியில் விடியற்காலை 3 மணிக்குக் கூண்டு விளக்கு எரியப்போகிறது. ஜன்னலுக்குக் கனமான, ஒளி புகாத திரை போடுங்கள். கூண்டின் மேல் போர்வை போர்த்தாதீர்கள். காற்றோட்டம் நின்று, சிறுநீரிலிருந்து வரும் அமோனியா உள்ளேயே தங்கும்.

முதல் ஏழு நாள் காலை 6 மணிக்கு விளக்கு எரிந்து இரவு 8 மணிக்கு அணையட்டும். 14 மணி நேர வெளிச்சம், 10 மணி நேர இருட்டு. பிளந்த கடிகாரம் ஒன்றுசேர இந்த வாரம் தேவை, அதனால் அவசரப்பட வேண்டாம். ஓட்டம் ஒன்றான பிறகு, இரண்டு நாளுக்கு ஒரு முறை இரண்டு நேரங்களையும் அரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். ஆறு படிகளில், அதாவது 12 நாளில், விளக்கு விடியற்காலை 3 மணிக்கு எரிந்து மாலை 5 மணிக்கு அணையும். 14 மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது. பகல் 12½ மணி நேரத்துக்குக் கீழே வாரக்கணக்கில் இருந்தால் சிரியன் ஹாம்ஸ்டரின் உடல் குளிர்காலம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கும், அறையும் குளிர்ந்தால் செத்ததுபோல் உறங்கிவிடும்.

வெளிச்சம் கூண்டின் தளத்தில் 50 முதல் 150 லக்ஸ் போதும் (ஒரு பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதன் அளவுதான் லக்ஸ்). கைபேசியின் லக்ஸ் செயலி தோராயமாகக் காட்டினாலும் இந்த வேலைக்குப் போதுமானது. கடையில் பல்பின் பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வாட் இருக்கும், கவர்ச்சியான பெயர் இருக்கும், கூண்டின் தளத்தில் எத்தனை லக்ஸ் விழும் என்பது இருக்காது. பிராணிகளுக்கென்று விற்கும் விளக்கில்கூட அந்த ஒரு எண்ணை அச்சிட வைக்க இத்தனை ஆண்டுகளில் முடியவில்லை. இருட்டு என்றால் முழு இருட்டு. இரவில் வெறும் 5 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் வைத்த எலிகளின் உண்ணும் நேரம் குழம்பி எடை கூடியதை 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வைஃபை பெட்டியின் மினுக்கு விளக்கு கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கறுப்பு நாடா ஒட்டி மறையுங்கள். நடுஇரவில் யாராவது அறை விளக்கைக் கால் மணி நேரம் போட்டாலே கடிகாரம் நகர்ந்துவிடலாம்.

வெளிச்சத்தைத் தவிர ஓட்டமும் ஹாம்ஸ்டரின் கடிகாரத்தை நகர்த்தும். ம்ரோசோவ்ஸ்கி, சால்மன் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் காட்டியது இது: விளக்கு நேரத்தை முன்னால் தள்ளிய அன்று, புது இருட்டு தொடங்கும்போது ஹாம்ஸ்டரைப் புதியதொரு சக்கரத்தில் மூன்று மணி நேரம் ஓடவிட்டால், மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் அது புது நேரத்துக்கு வந்துவிடுகிறது. வழக்கமாக உறங்கும் பகல் வேளையில் அது தானாக விரும்பி ஓடுவதுதான் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. நன்றாக ஓடியவற்றுக்கு நன்றாக நகர்ந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவற்றுக்கு நகரவில்லை. ஆகவே தூங்கும் ஹாம்ஸ்டரைப் பிடித்துச் சக்கரத்தில் திணிப்பதால் கடிதான் மிஞ்சும். ஒவ்வொரு படி நாளிலும் விளக்கு அணைந்ததும் சக்கரத்தை இடம் மாற்றி வையுங்கள், அல்லது இருட்டிலேயே பழகாத பொருட்களோடு ஓர் அடைப்புக்குள் விடுங்கள். வந்தால் வரட்டும், கூட்டுக்குத் திரும்பினால் விட்டுவிடுங்கள். ஓடி முடித்ததும் பிரகாசமான விளக்கைப் போடாதீர்கள், ஓட்டம் சம்பாதித்துக் கொடுத்ததை வெளிச்சம் அழித்துவிடும்.

சக்கரத்தின் விட்டம் குறைந்தது 28 செ.மீ. இருக்கட்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சிறியது என்று பொருள். கால் மாட்டிக்கொள்ளும் கம்பிப் படிகள் வேண்டாம், தளம் முழுசாக இருக்க வேண்டும். இரவுச் சத்தத்தில் பாதி அச்சில் இருந்து வருவது. பேரிங் உள்ள சக்கரம் போட்டாலே நிறையக் குறையும்.

உணவு நேரத்தை மாற்றிப் பழக்கலாமே என்று கேட்பீர்கள். எலிக்கு அது நன்றாக வேலை செய்யும். ஹாம்ஸ்டர் உணவைக் கன்னப்பையில் அள்ளிப் பதுக்கிவைத்து வேண்டும்போது தின்பதால் நீங்கள் வைக்கும் நேரத்துக்கு மதிப்பில்லை. பதுக்கலை அள்ளியெறிந்து பட்டினி போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். விளக்கு அணையும் நேரத்தில் உணவு வையுங்கள், போதும்.

சிவப்பு பல்புக்கு வருவோம். “பிராணிக்குச் சிவப்பு தெரியாது” என்று விற்பார்கள். ஹாம்ஸ்டருக்கு நீண்ட அலைநீள ஒளியை உணரும் கூம்பணு இல்லை. கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் அருகே, நீல ஒளிக்கே அதிகம் பதில் தரும். ஆகவே சிவப்பு குறைவாகத் தெரியும், அறவே தெரியாமல் போகாது. இரவெல்லாம் எரியும் பிரகாசமான சிவப்பு பல்பு வெளிச்சம்தான். கடைகளில் கிடைப்பவற்றில் பல வெள்ளை விளக்கின் மேல் சிவப்புப் பூச்சு பூசியவை. ஒரு பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில் அந்த ஒளியைப் பிரதிபலிக்கச் செய்து பாருங்கள். சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்தால் சரி. பச்சையோ நீலமோ தெரிந்தால் போலி. ஊர்வனவற்றுக்கான சூடு தரும் சிவப்பு பல்பைத் தள்ளிவிடுவோரும் உண்டு, அது சிறு கூண்டை ஆபத்தான அளவுக்குச் சூடாக்கும். இருட்டில் கூண்டைப் பார்க்க வேண்டுமானால் மங்கலான சிவப்புக் கைவிளக்கு ஒரு நிமிடம் போதும்.

தூக்கச் சொட்டு என்று விற்பதில் பெரும்பாலும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருக்கும். மனிதருக்கும் ஹாம்ஸ்டருக்கும் அது சுரப்பது இரவில்தான். நாம் தூங்கும் நேரத்தில் சுரக்கிறது, ஹாம்ஸ்டர் ஓடும் நேரத்திலும் சுரக்கிறது. “வெளியே இருட்டு” என்ற தகவலை உடலுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. இரவுப் பிராணிக்கு அதைக் கொடுத்துத் தூங்க வைப்பது என்பதே பிழையான கணக்கு. அது நீண்ட நேரம் உடலில் இருந்தால் குளிர்காலச் செய்தியாகவும் மாறும். 100 முதல் 150 கிராம் எடையுள்ள உயிருக்கு எத்தனை சொட்டு என்று எந்த அடிப்படையில் சொல்கிறார் என்று விற்றவரிடம் கேளுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அதன் கண் என்ன நிறம்? வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்புக் கண்ணும் என்றால் மேலே சொன்ன லக்ஸ் அளவு பொருந்தாது. கருங்கண் உள்ள வெள்ளை ஹாம்ஸ்டருக்கு இந்தப் பயம் வேண்டாம். சிவந்த கண்ணில் மிகுதி ஒளியை உறிஞ்சும் நிறமி கருவிழிப் படலத்திலும் இல்லை, விழித்திரைக்குப் பின்னாலும் இல்லை. நமக்குச் சாதாரணமாகத் தெரியும் அறை வெளிச்சம் நாள் முழுக்க விழுந்தாலே பார்வை அணுக்கள் அழியும். வெள்ளை ஆய்வக எலிகளில் இது 1966-இலேயே காட்டப்பட்டது. இரவு நேரத்தில் படும் ஒளி, பகலில் படும் ஒளியைவிட அதிகம் கெடுக்கும். மங்கலில் வளர்ந்ததைத் திடீரெனப் பிரகாசத்தில் வைத்தால் இன்னும் மோசம். கொடுமை என்னவென்றால், பார்வை போன பிறகும் மெலனாப்சின் அணுக்கள் பிழைத்திருக்கும், கடிகாரம் விளக்குக்கு ஏற்ப ஒழுங்காகவே நடக்கும். நேரத்துக்கு எழுந்து ஓடுகிறதே என்று வளர்ப்பவர் நிம்மதியாக இருப்பார், கண் போனதே தெரியாது. ஆகவே சிவந்த கண் என்றால் தளத்தில் 20 முதல் 40 லக்ஸ் வரை மட்டும். கடிகாரத்துக்கு அது போதும். படிகளை அரை மணிக்குப் பதில் கால் மணியாக வையுங்கள். ஒளி புகாத கூட்டுப்பெட்டி கட்டாயம். இரண்டு மாத விளக்குக்குப் பிறகு சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள். போன பார்வை திரும்பாது என்றாலும், குருட்டு ஹாம்ஸ்டர் என்று தெரிந்தால் கூண்டுக்குள் பொருட்களை இடம் மாற்றாமல் வைப்பீர்கள். மேலே சொன்ன சக்கர இடமாற்றத்தையும் விட்டுவிடுவீர்கள்.

விளக்கைக் கையால் போட்டு அணைக்காதீர்கள். டைமர் வேண்டும். ஊசிகள் உள்ள சுழல் டைமர் மின்சாரம் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்தடைக்குப் பிறகு உங்கள் ஹாம்ஸ்டரின் விடியல் இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே நல்லது. அதையும் வாரம் ஒரு முறை கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

சைக்கிளுக்குப் பொருத்தும் காந்த வேகமானியைச் சக்கரத்தில் மாட்டினால் ஓட்டத்தின் அளவு தெரியும். ஒவ்வொரு நாளும் ஓட்டம் தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதிவையுங்கள். ஆரோக்கியமான ஹாம்ஸ்டரில் அது சில நிமிடங்களே மாறும். கடைசிப் படி முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு, ஒரே ஒரு நாள் விளக்கை எரியவே விடாமல் அறையை இருட்டாக வையுங்கள். அன்று மாலை 5 மணியை ஒட்டி ஓட்டம் தொடங்கினால் கடிகாரமே நகர்ந்துவிட்டது. 8 மணியை ஒட்டித் தொடங்கினால் கடிகாரம் நகரவில்லை, இத்தனை நாளும் அது விளக்கு அணைந்ததற்குப் பதில் கொடுத்தது, அவ்வளவே. அறைக்குள் எங்கிருந்தோ ஒளி கசிகிறது, அல்லது விடியற்காலை விளக்கு சரியான நேரத்தில் எரியவில்லை. திரையையும் டைமரையும் பார்த்துவிட்டு, 12 நாள் படிகளை மறுபடி தொடங்குங்கள். கடிப்பது அதற்குள்ளும் நிற்காவிட்டாலோ, எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ காரணம் விளக்கு இல்லை, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.