காருக்குள் உதறலும் இரைச்சலும்: வாசகர் கேள்விகள்

வேகம் 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது, 110-க்கு மேல் அடங்கிவிடுகிறது. அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லை. (தாராபுரம்)

போகாது. அலைன்மென்ட், வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்குமான வைத்தியம். உங்களுக்கு வேண்டியது வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது. சின்னக் காரின் டயர் ஒரு சுற்றில் சுமார் 1.8 மீட்டர் ஓடும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 15 சுற்று. ரிம்மில் ஒட்டியிருந்த 20 கிராம் எடைக்கட்டி விழுந்துபோயிருந்தால், அந்த வேகத்தில் அது மூன்று கிலோவுக்கு மேற்பட்ட விசையாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை உதைக்கும். சஸ்பென்ஷனின் இயல்பான ஆட்டத்தோடு இந்த உதை ஒத்துப்போகும் வேகத்தில்தான் கைக்கு நன்றாகத் தெரியும். தாண்டினால் தணியும், கோளாறு அப்படியேதான் இருக்கும். ரிம்மின் உட்பக்கச் சேற்றைக் கழுவிவிட்டுப் பேலன்சிங் பார்க்கச் சொல்லுங்கள், சேறும் எடைதான். உதறல் ஸ்டீயரிங்கில் இல்லாமல் சீட்டில் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பாருங்கள்.

பின் ஜன்னல் ஒன்றை மட்டும் இறக்கினால் 'தும் தும்' என்று காதை அடைக்கிறது. (விருதுநகர்)

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒலிக்குமே, அதேதான். இங்கே பாட்டில் உங்கள் கார். உள்ளே இருக்கும் காற்று நொடிக்கு ஏறக்குறைய 20 முறை அமுங்கி விரிகிறது. இன்னொரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் இறக்குங்கள், நின்றுவிடும்.

கதவுகளில் டேம்பிங் ஷீட் (அதிர்வைத் தணிக்கும் தகடு) ஒட்டினால் நெடுஞ்சாலை இரைச்சல் குறையுமா? (ஓசூர்)

தகரம் அதிர்வது குறையும், கதவு சாத்தும் சத்தம் கனமாகும். காற்றிரைச்சலுக்கு அது பெரிதாக உதவாது. அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவோரத்துப் பீடிங் ரப்பர் தளர்ந்துவிட்டது. அதை மாற்றுவதுதான் முதல் வேலை. அடுத்து டயர். பட்டன் மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் எந்த ஷீட்டுக்கும் அடங்காமல் உறுமும்.

மைலேஜுக்காக டயரில் காற்று 40 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். அப்பா முதுகுவலி என்கிறார். (மன்னார்குடி)

மைலேஜில் கிடைப்பது சொற்பம், அதற்காக அவர் முதுகைப் பணயம் வைக்காதீர்கள். நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் ஆட்டும் குலுக்கல்தான் உட்கார்ந்திருப்பவரின் உடம்பை அதிகம் வாட்டும். அது போதாதென்று, கல்லாக இறுகிய டயர் சின்னப் பள்ளத்தின் அடியைக்கூட விழுங்காமல் சீட்டுக்கு அனுப்பும். டிரைவர் கதவருகே ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் சூடாவதற்கு முன் வையுங்கள். அப்பாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள். பின் சீட் பின் சக்கரங்களை ஒட்டியிருப்பதால் குலுக்கல் அங்கேதான் அதிகம்.