ஒரு பாட்டு, மூன்று டிரம்மர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் இங்கே கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நான்கு நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறான். இவனுக்கு டிரம்ஸ். சேர்த்து வைத்த காசில் போன மாதம் முதல் பாட்டைப் பதிவு செய்யப் போனார்கள். ஸ்டூடியோக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ‘டிரம்ஸை நான் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கறேன், தம்பி ஓரமா உட்காரட்டும்’ என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்தவன்தான், இன்னும் எடுக்கவில்லை.

பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவைப் பற்றிய ஒரு கட்டுரையில் நீங்கள், ‘பீட்டில்ஸின் முதல் பாட்டில் அவர்கள் டிரம்மர் ரிங்கோவுக்கே டிரம்ஸ் கொடுக்கவில்லை’ என்று எழுதியது ஞாபகம் வந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, ‘இது 1962-ல் வந்த முதல் சிங்கிள், வாசிப்பது ரிங்கோதான், உங்கள் எழுத்தாளர் கதை விடுகிறார்’ என்கிறான். யார் சொல்வது சரி?

ச., கோவை

அன்புள்ள ச.,

பஞ்சாயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் சொல்வது சரி. நான் எழுதியது பாதிதான் சரி. முதல் சிங்கிளான (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சின்ன ரெக்கார்டு) ‘லவ் மி டூ’ பாட்டை பீட்டில்ஸ் சுமார் மூன்று மாதத்தில் மூன்று தடவை பதிவு செய்தார்கள், மூன்று தடவையும் வேறு வேறு டிரம்மர். அந்த மூன்றும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது என் சோம்பேறித்தனம். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

பாட்டு பழையது. குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தது, நடுவில் இன்னொருவரான ஜான் லெனன் கை வைத்திருக்கிறார். மூன்றே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) ஓடுகிற சாதாரணப் பாட்டுதான். அவர்களுடைய பெரிய பாட்டுகளின் பட்டியலில் நான் இதைச் சேர்க்க மாட்டேன். ஆனால் 1962 ஜனவரி 1 அன்று டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் குரல் தேர்வுக்குப் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன்கள் அவர்கள். அடுத்த கதவு ஈ.எம்.ஐ. அதன் சின்ன லேபிளான பார்லோஃபோனின் தலைவர் ஜார்ஜ் மார்ட்டின். அதுவரை அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை பெரும்பாலும் நகைச்சுவை ரெக்கார்டுகள்.

ஜூன் 6, லண்டன் அபே ரோடு ஸ்டூடியோ. டிரம்ஸில் அவர்களுடைய அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட். அன்று அவர்கள் கொண்டுவந்த சாமான்களின் லட்சணம் தனிக் கதை. பாலின் பேஸ் ஆம்ப்ளிஃபையர் போட்ட கரகரப்பில் எதையும் பதிவு செய்ய முடியவில்லை. கடைசியில் ஸ்டூடியோ ஆட்களே நிலவறையில் இருந்த ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிவந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். மார்ட்டின் ஆரம்பத்தில் அந்த இடத்திலேயே இல்லை. அவருடைய உதவியாளர் ரான் ரிச்சர்ட்ஸ்தான் பொறுப்பு. இந்தப் பாட்டின் மௌத் ஆர்கன் கேட்டதும், பெரியவரைக் கூப்பிடுங்கள் என்று ஆளனுப்பினார்கள்.

மார்ட்டின் வந்ததும் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். இசை நின்று, ‘லவ் மி டூ’ என்று ஒற்றைக் குரல் தனியாக வருமே, அந்த வரியை அதுவரை பாடிக்கொண்டிருந்தது ஜான். கடைசிச் சொல் முடிவதற்குள் மௌத் ஆர்கன் ஆரம்பிக்க வேண்டும், அதை ஊதுவதும் ஜானேதான். ஒரே வாயால் இரண்டையும் செய்ய முடியுமா? அந்த வரியைப் பால் பாடட்டும் என்று அந்த நிமிடத்தில் மாற்றினார்கள். ஸ்டூடியோவுக்கே புதிதான பையன், அதுவரை பாடிப் பழகாத வரி. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தன் குரலில் இருக்கும் நடுக்கம் தனக்குக் கேட்கிறது என்று பால் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஹெட்போன் போட்டுக் கேட்டால் நமக்கும் கேட்கும்.

மௌத் ஆர்கன் பற்றி ஓர் இடைச்செருகல். ‘ஹே பேபி’ பாட்டில் மௌத் ஆர்கன் வாசித்த டெல்பர்ட் மெக்ளிண்டன் சொல்லிக்கொடுத்துத்தான் ஜான் இதில் வாசித்தார் என்று ஒரு கதை நெடுநாளாகச் சுற்றுகிறது. இருவரும் சந்தித்தது ஜூன் 21. பாட்டில் மௌத் ஆர்கன் ஏறியது ஜூன் 6. கணக்கு உதைக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டு ஜானுக்கு ஆசை வந்திருக்கலாம், அதற்கு மேல் இல்லை. 1960-ல் ஹாம்பர்க் போகிற வழியில் நெதர்லாந்தின் ஆர்னெம் ஊரில் ஒரு கடையில் மௌத் ஆர்கன் ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்த மனிதருக்குப் புதிதாக வாத்தியார் தேவைப்பட்டிருக்காது.

சரி, டிரம்ஸுக்கு வருவோம். பீட் பெஸ்ட் வாசித்த அந்தப் பதிவு 1995-ல் ‘ஆந்தாலஜி 1’ தொகுப்பில் வெளிவந்தது. மகனோடு உட்கார்ந்து கேளுங்கள். பாட்டின் நடுப்பகுதியில் பீட் திடீரென்று தாளத்தை மாற்றித் துள்ளவிடுவார். துள்ளிய தாளம் திரும்ப வந்து உட்காரும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கும். மேடையில், ஆட்டத்தில், வியர்வையில் அது யார் காதிலும் விழாது. கண்ட்ரோல் அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அது மட்டும்தான் விழும். அன்றைக்கு ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம். இன்றைக்குப் போல ஒவ்வோர் அடியையும் கம்ப்யூட்டரில் நகர்த்தி ஒட்டுகிற வசதியும் கிடையாது.

மேடையில் யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், ரெக்கார்டுக்கு நான் ஒரு செஷன் டிரம்மரை (கூலிக்கு வந்து வாசிப்பவரை) வைத்துக்கொள்கிறேன் என்று மார்ட்டின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனிடம் சொன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பேண்டில் மற்ற மூவருக்கும் பீட்டை அனுப்பிவிடும் எண்ணம் ஏற்கெனவே இருந்தது. ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டீன் அவரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருடம் கூட வாசித்தவனிடம் அதைச் சொல்ல மற்ற மூவரில் ஒருவர்கூட அங்கே இல்லை. பீட்டில்ஸ் வரலாற்றில் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாத இடம் இது.

பீட்டின் இடத்துக்கு ரிங்கோ வந்தார். சொந்த ஊரான லிவர்பூலில் ரசிகர்கள் கொதித்தார்கள். காவர்ன் கிளப்பில் ஒருவன் விட்ட குத்தில் குழுவின் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசனின் கண் வீங்கிப்போனது. செப்டம்பர் 4 அன்று ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படங்களில் அந்தக் கறுத்த கண் தெரியும்.

அந்த செப்டம்பர் 4 பதிவுதான் உங்கள் மகன் போட்டுக் காட்டியது. அன்று இன்னொரு இழுபறியும் நடந்தது. ‘ஹவ் டு யூ டூ இட்’ என்ற பாட்டைக் கொடுத்து, இதுதான் ஹிட் ஆகும், இதைப் பாடுங்கள் என்றார் மார்ட்டின். எழுதியவர் மிட்ச் மர்ரே. இவர்கள் மனசில்லாமல் பாடிவிட்டு, எங்கள் பாட்டையே போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மார்ட்டினின் காதில் தப்பில்லை. 1963-ல் ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் அதே பாட்டைத் தங்கள் முதல் சிங்கிளாகப் பாடினார்கள், பிரிட்டனில் முதலிடம். ஆனாலும் பையன்களின் பிடிவாதத்துக்கு விட்டுக்கொடுத்தாரே, மார்ட்டினிடம் எனக்குப் பிடித்தது அந்தக் காதைவிட இதுதான்.

ரிங்கோவின் வாசிப்பிலும் ஸ்டூடியோ ஆட்களுக்குத் திருப்தியில்லை. ஒத்திகையில் தான் ஒரு கையில் டாம்பரினையும் மறு கையில் கிலுகிலுப்பையையும் வைத்துக்கொண்டு அதாலேயே சிம்பலை அடித்ததாகவும், மார்ட்டின் மிரண்டுபோனதாகவும் ரிங்கோவே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஒரே வாரம் கழித்து, செப்டம்பர் 11. ரிங்கோ ஸ்டூடியோவுக்குள் வந்தால் அங்கே வேறொருவர் டிரம்ஸோடு தயாராக இருக்கிறார். ஆண்டி வைட், ஸ்காட்லாந்துக்காரர், வயது 32, கூப்பிட்டால் வந்து பிசிறில்லாமல் வாசித்துவிட்டுப் போகிற செஷன் டிரம்மர். பேண்டுக்கு வந்து நாலு வாரம்கூட ஆகாத ரிங்கோ ஒன்றும் பேசாமல் கண்ட்ரோல் அறையில் ரிச்சர்ட்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பீட்டுக்கு நடந்தது தனக்கும் நடக்கப்போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. ரிச்சர்ட்ஸுக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, பின்பக்கப் பாட்டான ‘பி.எஸ். ஐ லவ் யூ’வுக்கு ரிங்கோவிடம் கிலுகிலுப்பையைக் கொடுத்தார். ‘லவ் மி டூ’வுக்கு டாம்பரின். நம் கஞ்சிராவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. சொந்த அரங்கேற்றத்துக்கு மிருதங்கத்தோடு வந்தவரிடம், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து ஜால்ரா தட்டுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பதினெட்டு டேக். பதினெட்டு தடவையும் தட்டினார்.

உங்கள் வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு அந்த டாம்பரினில்தான் இருக்கிறது. பீட்டின் ‘ஆந்தாலஜி’ பதிவை விட்டுவிட்டால், ‘லவ் மி டூ’ எங்கே கேட்டாலும், சலங்கைச் சத்தம் விடாமல் கூடவே வந்தால் டிரம்ஸ் ஆண்டி வைட். சத்தம் இல்லாமல் கொஞ்சம் வெறுமையாகக் கேட்டால் டிரம்ஸ் ரிங்கோ. இது தெரியாமல் தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு, ‘ரிங்கோ என்ன நிதானமாக வாசிக்கிறார் பார்’ என்று விடுதி அறையில் நான் பத்துப் பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அதில் வாசித்தது வைட்.

இத்தனை பாடு பட்டும், அக்டோபர் 5 அன்று சிவப்பு லேபிளோடு கடைக்கு வந்த முதல் ரெக்கார்டுகளில் இருந்தது எது தெரியுமா? செப்டம்பர் 4-ன் ரிங்கோ பதிவு. (முன்கூட்டி அனுப்புவதற்காக அடித்த 250 விளம்பரப் பிரதிகளில் மெக்கார்ட்னியின் பெயரிலேயே எழுத்துப் பிழை.) ஆண்டு முடிவதற்குள் தரவரிசையில் 17 வரை ஏறியது. 1963-ல் வந்த முதல் ஆல்பத்தில் வைட் வாசித்ததைப் போட்டார்கள், பிறகு சிங்கிளிலும் அதுவே வந்தது. 1964 மே மாதம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் வைட்டின் பதிவுதான். ரிங்கோ வாசித்த மூல நாடாவைக் கம்பெனி பாதுகாக்கவில்லை. பிற்காலத் தொகுப்புகளுக்கு யாரோ பத்திரமாக வைத்திருந்த பழைய ரெக்கார்டிலிருந்துதான் எடுத்தார்கள். முழு டிரம்ஸோடு ரிங்கோ மிஞ்சியது அந்தத் தட்டின் புண்ணியத்தில்.

என் காதுக்கு, வைட் வாசித்ததில் தாளம் இன்னும் இறுக்கம். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒட்டிக்கொண்டு போகின்றன. ரிங்கோவுடையது கொஞ்சம் தளர்ச்சி, ஆனால் இன்றைக்குக் கேட்கும்போது குறையாகத் தெரியவில்லை. தெருவில் நிறுத்திக் கேட்டால் நூறில் ஒருவர் வித்தியாசம் கண்டுபிடிப்பாரா என்பதே சந்தேகம். ரிச்சர்ட்ஸ் செய்ததைக் கொடுமை என்றும் சொல்ல மாட்டேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, தெரிந்த ஆளைக் கூப்பிட்டார், அவ்வளவே.

அப்புறம் நவம்பர் 26. இரண்டாவது சிங்கிளான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மி’ பதிவு. செப்டம்பர் 11 அன்று ஆண்டி வைட்டை வைத்து முயன்று, கிடப்பில் போட்ட பாட்டு. இந்தத் தடவை வேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், டிரம்ஸில் ரிங்கோவே உட்கார்ந்தார். இதுதான் உங்கள் முதல் நம்பர் ஒன் என்று மார்ட்டின் அங்கேயே சொன்னார். அந்த செப்டம்பர் நாளுக்காக மார்ட்டின் பல தடவை வருத்தம் தெரிவித்தும், ரிங்கோ அவரை லேசில் விடவில்லை. பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகவே குத்திக்காட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை மகனுக்கு ஆறுதலாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ரிங்கோவை உதாரணம் காட்டினால், அதே பாட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்த பீட் பெஸ்டை என்ன செய்வது? அவரும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பிடிக்காமல் போனவர்தான். பின்னாளில் ரொட்டி மூட்டைகளை வண்டியில் ஏற்றினார், அப்புறம் லிவர்பூலில் அரசு வேலைக்குப் போய் இருபது வருடம் கழித்தார். ‘ஆந்தாலஜி’ அவருக்கு நல்ல பணம் கொடுத்தது, அது உண்மை. ஆனால் அட்டையைப் பாருங்கள். பழைய குழுப் படத்தில் பீட்டின் தலை இருந்த இடம் கிழிக்கப்பட்டு, அந்த ஓட்டை வழியாக அடியிலிருந்து ரிங்கோவின் முகம் எட்டிப் பார்க்கும். 2008-ல் பீட் தன் பேண்டோடு ஓர் ஆல்பம் போட்டார். அதன் அட்டையில் அந்தக் கிழிந்த துண்டு இருந்தது.

உங்கள் மகன் ரிங்கோவா பீட்டா என்று நீங்களோ நானோ அந்த ஸ்டூடியோக்காரரோ இப்போது சொல்ல முடியாது. அவர் சொன்ன விதம் முரட்டுத்தனம். ஆனால் அவர் காதில் விழுந்தது எது என்று பையன் தெரிந்துகொள்வது நல்லது. அன்றைக்குப் பதிவானது அழியாமல் இருந்தால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தன் வாசிப்பைத் தானே வெளியிலிருந்து கேட்பது வேறு அனுபவம்.

பாட்டு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். டிரம்ஸ் கம்ப்யூட்டர் போட்டதா, பையன் வாசித்ததா என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டு நானே சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் உங்கள் மகனை விட்டே அடுத்த கடிதத்தை எழுதச் சொல்லுங்கள், அதையும் இங்கே போடுகிறேன்.

அன்புடன்.