ஏறுவது இருக்கட்டும், இறங்கத் தயாரா?

கேள்வி: எனக்கு 44 வயது. தினமும் சமதரையில் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். எங்கள் நகரத்தின் செங்குத்தான 10 தெருக்களை ஒரே காலையில் சைக்கிளில் ஏறி முடிக்க வேண்டும் என்று நண்பர்கள் ஒரு சவால் வைத்திருக்கிறார்கள். கட்டணம், பரிசு எதுவும் கிடையாது. எனக்கும் ஆசைதான். ஆனால் பாதி மேட்டில் இறங்கித் தள்ள நேர்ந்தால் மானம் போய்விடுமே! மனைவியோ, ‘இந்த வயதில் இது தேவையா?’ என்கிறார். போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் மேடு இல்லை, அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் இறக்கம். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் மானப் பிரச்சினையை முடித்துவிடலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1983-இல் சில நண்பர்கள் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள். ‘டர்ட்டி டசன்’ என்று பெயர். ஏறுவது என்னவோ 13 மேடு. அதில் கேன்டன் அவென்யூ என்ற தெருவின் சரிவு 37 சதவீதம், அதாவது சமதரைக் கணக்கில் 100 மீட்டர் போவதற்குள் 37 மீட்டர் உயரம். போதாததற்குக் கல் பாவிய தரை. கால் ஊன்றிவிட்டால் அந்த ஏற்றம் கணக்கில் வராது. அடிவாரத்துக்குப் போய் மறுபடி முயலலாம். பழகியவர்களே அங்கே சாய்ந்து விழுகிறார்கள், எழுந்து மறுபடி வருகிறார்கள். நீங்கள் இறங்கித் தள்ளினால் யார் சிரிக்கப் போகிறார்கள்? பின்னால் வருபவருக்குச் சிரிக்க மூச்சு இருக்காது.

தள்ளாமல் ஏற வேண்டும் என்றால் மெதுவாகப் போகக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினால், எடையைத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 185 வாட் சக்தி வேண்டும். அதையே 5 கி.மீ.யாகக் குறைத்தால் 115 வாட் போதும். பலர் முதல் மேட்டிலேயே வீராப்பாக மிதித்துவிட்டு, நான்காவது மேட்டில் தெருவோரத்தில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

ஆனால் மெதுவாகப் போகக் கியர் இடம் கொடுக்க வேண்டுமே. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. பின்னால் பெரிய பல்சக்கரமே 25 பல்தான் என்றால், அதே வேகத்தில் 44 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் கனக்கும், முட்டி வாங்கிக்கட்டிக்கொள்ளும். பின்னால் இன்னும் பெரிய பல்சக்கரம் மாற்ற முடியுமா, உங்கள் சைக்கிளின் கியர் அதைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வேறு பெரிய செலவு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பளபளக்கும் உடுப்பெல்லாம் உங்கள் இஷ்டம்.

சரி, ஏறும்போது சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று அலறும், சில நேரம் கழன்றும்விடும். ரொம்பச் செங்குத்தான இடத்தில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். தரை ஈரமாக இருந்தால் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின் சக்கரம் வழுக்கிச் சுற்றும். பாதியில் நின்றுவிட்டு நேராக மேலே பார்த்துக் கிளம்புவது கஷ்டம். வண்டி வராதபோது தெருவுக்குக் குறுக்காகக் கிளம்பி, பிறகு திருப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன். மலைச்சாலை மாதிரி இல்லை நகரத்து இறக்கம். அடியில் ஒரு சிக்னலோ குறுக்குத் தெருவோ காத்திருக்கும், நடுவில் கார் கதவு திறக்கும். இரும்பு மூடிகளும் வெள்ளைக் கோடுகளும் நனைந்தால் சோப்பு போட்ட மாதிரிதான். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் முந்தின நாள் இரவு வேண்டாம். ஒரு வாரம் முன்பே மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய்க் கவ்வாதீர்கள்.

இன்னொன்று. நடத்துபவர் இல்லாத சவால் என்றால் சாலையை யாரும் அடைத்து வைத்திருக்க மாட்டார்கள், ஆம்புலன்ஸும் நிற்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்: நேரம் பார்ப்பதென்றால் ஏற்றத்துக்கு மட்டும், சிவப்பு விளக்கில் எல்லாரும் நிற்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கூட்டமாக இருந்தால், என்னைக் கேட்டால், போகவே வேண்டாம்.

உங்கள் மனைவி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. 44 ஒரு வயதே இல்லை. ஆனால் ரத்த அழுத்தமோ, மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த 10 தெருக்களில் இரண்டை இந்த வாரமே தனியாக ஏறிப் பாருங்கள். போகிற வழியை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சவால் நாளன்று ஆறு மேட்டோடு போதும் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடுங்கள். கட்டணமா கட்டியிருக்கிறீர்கள், நஷ்டப்பட?